ஷட்டருக்குள்ளே ஒரு ஸ்டார்ம்

ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருக்கிறார்கள், தலையைக் குனிந்து வாருங்கள். செருப்போடு வரலாம், வரத்தான் வேண்டும். தரை முழுக்க வாஷர், உடைந்த கிளிப், அறுத்துப் போட்ட ஒயர். இடது பக்கம் பார்த்து வாங்க, அங்கே ஒரு ரேடியேட்டரைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் போதும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே, பானெட் இல்லாமல், முன்சக்கரம் இரண்டும் கழன்று, இரும்பு ஸ்டாண்டின் மேல் நிற்கிறதே, அதுதான் நாம் பார்க்க வந்த வண்டி. சான் ஸ்டார்ம்!

பெயரைக் கேட்டதும் புருவத்தைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். இது சாலையில் பெரிதாகத் தென்பட்டதே இல்லை. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் 1998-ல் கொண்டுவந்த கார். இரண்டு கதவு, இரண்டே இருக்கை, தாழ்ந்த உடம்பு. கூரையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே ஓட்டலாம். வெளி உடம்பில் தகரம் கிடையாது, எல்லாம் ஃபைபர். உள்ளே பிரெஞ்சுக் கம்பெனி ரெனால்ட்டின் 1,149 சிசி பெட்ரோல் இன்ஜின், ஏறக்குறைய 60 குதிரைத்திறன். இன்றைய கணக்குக்கு அது சாதாரணம்தான். ஆனால் அந்த டிரைவர் சீட்டில் ஒரு தடவை இறங்கி உட்கார்ந்து பாருங்கள். ஆமாம், ஏறி இல்லை, இறங்கித்தான் உட்கார வேண்டும்! தார் ரோடு கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எந்த வேகமும் இரட்டிப்பாகத் தெரியும்.

வெளியே வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளடங்கிய தெரு. சனிக்கிழமை ராத்திரி, பி ஷிஃப்ட் விட்ட நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. எம்-சாண்ட் டிப்பர் லாரிகள் கிளப்பும் தூசு ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. புத்தம் புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுகம் பார்த்துக் கிளம்புகின்றன. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனால்ட், பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா. இவற்றுக்கு நட்டு போல்ட்டில் இருந்து சீட் துணி வரை சப்ளை செய்கிற கம்பெனிகள் எத்தனை எத்தனையோ. இந்த ஷெட்டில் இப்போது இருக்கிற அத்தனை பேரும் பகலில் அவற்றில் ஏதோ ஒன்றில் அட்டை தேய்க்கிறவர்கள். ராத்திரியில் இங்கே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்கள். அந்த ஆணி வரிசையே ஒரு அழகு. நாலைந்து கம்பெனிகளின் யூனிஃபார்ம் தோளோடு தோள் உரசித் தொங்குகிறது!

ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டார்ம் வந்த அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. சான்ட்ரோ நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் போனது. ஸ்டார்ம் ஆசைப்பட்ட சிலரின் வீட்டு ஷெட்டுக்கு மட்டும் போனது. இன்னொன்றும் உண்டு. இதன் இன்ஜின் ரெனால்ட். அந்த ரெனால்ட் 2010-ல் நிஸானோடு சேர்ந்து திறந்த தொழிற்சாலை இதே ஒரகடத்தில் இருக்கிறது. அப்படியானால் ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்திலேயே கிடைக்கும் என்று நினைப்பீர்கள். நானும் ஆசையாகக் கேட்டேன். ஷெட்டில் ஒரே சிரிப்பு. அங்கே இன்று ஓடுகிற இன்ஜின்களுக்கும் இந்தப் பழைய இன்ஜினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம்.

வண்டிக்குச் சொந்தக்காரரைப் பாருங்கள், அந்த மூலையில் கேரேஜ் டிராலியில் மல்லாந்து கிடக்கும் கால்கள்தான். திண்டிவனம் பக்கத்துத் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு இந்தத் தொழிற்சாலை பெல்ட்டுக்கு வந்தவர், பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். புல்லட் புக் பண்ணுவதற்காகச் சேர்த்த பணத்தைத் தூக்கி இதில் போட்டுவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு வீட்டு ஷெட்டில் கித்தான் போர்த்தி நின்ற வண்டி. வீட்டுப் பெரியவர் நேர்மையாகவே சொல்லியிருக்கிறார்: "இன்ஜின்ல கொஞ்சம் கோளாறு இருக்குதுங்க தம்பி. சூடாகுது."

சூடாகுது! பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ரேடியேட்டர் அடைப்பில் இருந்து இன்ஜினே போய்விட்டது என்பது வரை எல்லாம் அதற்குள் அடக்கம். தம்பி யோசிக்கவில்லை. கித்தானை விலக்கியதும் அந்த முகப்பைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். டிரக்கில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினாராம். அம்மா வண்டியை முழுசாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, ரெண்டே சீட்டுதான் இருக்கு. நீ உக்காருவ, நாளைக்கு வரப்போறவ உக்காருவா. நான் எங்கடா உக்காருறது?" அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பதை விடவில்லை.

இப்போது இந்த ஷெட்டின் தலைவரைச் சந்திக்கலாம். எல்லாருக்கும் அவர் பாய். சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் மலைகளுக்கு நடுவே பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். லுங்கியை மடித்துக் கட்டி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு இன்ஜின் பக்கம் குனிந்தார் என்றால் ஷெட்டில் ரேடியோ தானாக அணைந்துவிடும். முதல் நாள் டிப்ஸ்டிக்கை உருவி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த பழுப்பு நிறத்தில் நுரை. "எண்ணெய் கேட்டா டீ ஊத்துது உங்க வண்டி" என்று தம்பியிடம் நீட்டினாராம். பையன்கள் இன்னமும் டீ சொல்லும்போது "ஒரு ஸ்டார்ம், சக்கரை கம்மி" என்றுதான் சொல்கிறார்கள். டீக்கடைக்காரரும் பழகிவிட்டார்.

அந்த நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக், மேல்பகுதி ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு, ஹெட் கேஸ்கெட். வண்டி அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் லேசாக வளைந்துகொள்ளும், கேஸ்கெட் விட்டுவிடும். ரேடியேட்டர் தண்ணீரும் இன்ஜின் ஆயிலும் ஒன்றையொன்று தேடிப்போய்க் கலக்கும். அப்புறம் சைலன்சரில் வெள்ளைப் புகை, மீட்டரில் முள் சிவப்பைத் தொடும், வண்டி நடுரோட்டில் நிற்கும். இதைக் கேட்டதும் தம்பி முகம் விழுந்துவிட்டதாம். பாய் முதுகில் ஒன்று வைத்து, "கிராங்க் நல்லா இருக்கு, போர் நல்லா இருக்கு. ஹெட்டுதானே? எறக்கிப் பாத்துக்கலாம்" என்றாராம். அந்தப் "பாத்துக்கலாம்"தான் இந்த ஷெட்டின் அஸ்திவாரம்.

ஹெட்டை இறக்கிய ராத்திரி நான் இங்கே இருந்தேன். எவ்வளவு கொடுத்தாலும் அந்த ராத்திரியை விட்டுக்கொடுக்க மாட்டேன்! கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிற சிவகாசிப் பையன் ஒருவர், அவர்தான் அன்றைக்கு ராஜா. பாய் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றையும் வாங்கித் துடைத்து, கவரில் போட்டு, மார்க்கர் பேனாவால் எழுதி வைக்கிறார். "இன்டேக் பக்கம், 2-வது." "தெர்மோஸ்டாட் போல்ட், குட்டை." எட்டு வால்வுகளும் முட்டை அட்டையில் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு குழிக்குக் கீழேயும் நம்பர். அவர் செய்த உச்சபட்ச வேலை ஒரு பிரியாணிப் பெட்டியின் அட்டை மூடி. அதில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் எல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டுகளை அதே இடத்தில் செருகிவிட்டார். கடையின் பெயருக்கும் கோழிப் படத்துக்கும் நடுவே எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு இன்ஜின் ஹெட்டின் வரைபடம். முதலில் பாய் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வருஷமா எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டுத்தான் மாட்டிட்டு வர்றேன்." பையன் நிமிரவே இல்லை. "உங்க தலைக்குள்ள இருக்கு பாய். எங்க தலைக்குள்ள இல்லையே." பாய் பதில் பேசவில்லை. அடுத்த போல்ட்டைக் கழற்றி, எந்த ஓட்டைக்கு என்று தானே பார்த்துச் செருகினார்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது தனிக் காட்சி. நேரான ஒரு எஃகுச் சட்டத்தை அதன் முகத்தின் மேல் நிறுத்துகிறார்கள். ஒருவர் பின்பக்கம் டார்ச் அடிக்கிறார். முன்பக்கம் எல்லாரும் மண்டியிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறோம். நடுவில், மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில், மயிரிழை வெளிச்சம்! ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக அந்த இடுக்கில் நுழைத்துப் பார்க்கிறார் சிவகாசிப் பையன். ஒன்று நுழைந்தது. அடுத்த தடிமனும் நுழைந்தது. யாரோ "ச்சே" என்றார்கள். தம்பி எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். ஒரு பையன் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு போனான், போய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றான்.

அடுத்த காட்சி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லேத் பட்டறை. ஹெட்டைப் பழைய போர்வையில் சுற்றி பைக்கின் நடுவில் வைத்துக் கொண்டுபோனார்கள். லேத் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கையால் ஹெட்டின் முகத்தை ஒரு தடவு தடவினார். அந்த ஒரே தடவலில், ஃபீலர் கேஜ் காட்டிய அதே இடத்தில் கட்டைவிரல் நின்றது! "இங்கதான் தூக்கிருக்கு. ஒரு ஓட்டு ஓட்டினா சமமாயிடும். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க, ஹெட் எளைச்சிடும்." மெஷின் சுழன்றது. அலுமினியம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கறுத்துக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் மாஸ்டரின் கண்ணாடி பளிச்சென்று அதில் தெரிந்தது. மாஸ்டர் கூலி எவ்வளவு கேட்டார் என்பதைவிட, என்ன கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். "வண்டி ஓட ஆரம்பிச்சதும் பட்டறை வாசல் வரைக்கும் எடுத்துட்டு வந்து காட்டணும்."

சரி, புது ஹெட் கேஸ்கெட் எங்கே கிடைக்கும்? சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டார்கள். புதுப்பேட்டையில் பாயின் பழைய சேக்காளிகளைக் கேட்டார்கள். எங்கேயும் இல்லை. வழி புதுச்சேரியில் திறந்தது. ஷெட்டுக்கு வருகிற பையன்களில் ஒருவனுக்குப் புதுச்சேரி சொந்த ஊர், சித்தப்பா குடும்பம் பாரிஸ் பக்கத்தில் குடியிருக்கிறது. இந்த இன்ஜின் பிரான்ஸில் ட்விங்கோ என்கிற சின்னக் காரில் வந்தது. அங்கே அது தெருவுக்குத் தெரு நின்ற வண்டி. நமக்குக் கிடைக்காத பொருள் அங்கே சாதாரணக் கடையில் தொங்குகிறது! சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது சூட்கேஸில் சாக்லேட் பெட்டிக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே கேஸ்கெட் செட்டைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். "என் புடவைய எடுத்து வெளிய வெச்சுட்டு இந்தத் தகட்ட வெச்சாரு" என்று சித்தி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்தக் கவரைப் பிரித்த கையோடு எனக்கும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். நாலு பெரிய வட்டம், சுற்றிலும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி வழியாகச் சின்னச் சின்னத் துளைகள், ஓரத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுத்து. பாரிஸில் இருந்து புதுச்சேரி வழியாக ஒரகடம் வந்து சேர்ந்த தகடு. கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

உடம்பு வேலையைச் சொல்ல மறந்தால் சண்டைக்கு வருவார்கள். முன் பம்பர் ஓரத்தில் விரிசல், வலது கதவின் கீழே ஒரு பெயர்ந்த இடம். டிங்கர்காரர் ஒருவர் வந்தார், சுத்தியலை எடுத்தார், தட்டிப் பார்த்தார், சுத்தியலைப் பைக்குள் வைத்தார். "தகரம்னா அடிச்சு நிமித்துவேன். இது என்னன்னே தெரியல" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், ஃபைபரைத் தினமும் தொடுகிறவர்கள் நம் கடற்கரையில்தானே இருக்கிறார்கள்? சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் நின்ற இடமெல்லாம் ஃபைபர் படகு. கோவளம் பக்கத்தில் படகு ஒட்டுகிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் வேலை செய்கிற அழகே அழகு! ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, காதைக் கிட்டே வைத்து, உடம்பு முழுக்க டக் டக் என்று தட்டிக்கொண்டே வருகிறார். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கிறது. உள்ளே அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் அமுங்குகிறது. அங்கெல்லாம் சாக்பீஸ் வட்டம். நாங்கள் கண்ணால் பார்த்தது இரண்டே இடம், அவர் காதால் கண்டுபிடித்தது அதைவிட அதிகம். பிறகு தேய்ப்பு, ஃபைபர் மேட்டைக் கத்தரித்து வைப்பு, ரெசினில் ஹார்ட்னரைக் கலந்து தடவுதல். மூக்கைத் துளைக்கிற நெடி, ஷெட்டை விட்டு எல்லாரும் வெளியே. முடித்துவிட்டுக் கையைக் கழுவியவர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணில எறக்குனா மெதக்கும். அதுக்கு நான் கேரண்டி. ரோட்டுல ஓடுறதுக்கு பாயக் கேளுங்க."

இங்கே ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோளாறான பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்டால், பணக் கணக்கில் இல்லை. தம்பிக்கே அது தெரியும். ஆனால் இந்த வண்டிக்குத் தேவைப்பட்ட அத்தனை கையும் இந்த வட்டாரத்திலேயே இருந்தது. கம்பெனி லைனில் ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்குகிற பையனுக்கு, ஒரு முழு இன்ஜினை முதலில் இருந்து கடைசி வரை தொட்டுப் பார்க்க வேறு எங்கே வாய்ப்பு கிடைக்கும்? "அண்ணே, நான் கேம்ஷாஃப்ட் கவர் மட்டும் மாட்டுறவன். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு இங்கதான் பாத்தேன்" என்றான் ஒருவன். எனக்கு அது ஒன்றே போதும். இந்தக் கார் வாங்கியதற்கு அதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை.

டீ வந்துவிட்டது, உட்காருங்கள். அந்த டயர் மேல் உட்காரலாம், அதுதான் இங்கே சோபா. இந்த நேரத்தில்தான் பாய் வாயைத் திறப்பார். அவர் தொழில் பழகிய காலத்தில் கைக்கு அதிகம் வந்த வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கம்பெனி செய்த கார் அது, 1961-ல் வந்தது. "அதோட பானெட்டு மொத்தமா முன்னாடி சாஞ்சிடும். முன்டயர் மேல உக்காந்துக்கிட்டு ராஜா மாதிரி வேலை செய்யலாம். இப்ப வர்ற வண்டிங்கள்ல கை நுழையவே எடம் இல்ல." அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள் என்று நான் சொன்னேன். பாய் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நான் சின்ன வயசுலேயே ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் வேலை பாத்துருக்கேனா!" ஷெட்டே கைதட்டியது.

அங்கிருந்து பேச்சு சோழவரத்துக்குப் போகாமல் இருக்குமா? இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. பாய் பையனாக இருந்தபோது லாரி பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். ஹெரால்ட், ஃபியட், வெளிநாட்டில் இருந்து இறக்கிய பழைய பந்தயக் கார்கள், எல்லாம் ஒரே வெயிலில். அந்தக் காலத்தில் இறக்குமதி அவ்வளவு கெடுபிடி. ஒரு இன்ஜின் போனால் புது இன்ஜின் வராது. ராத்திரியோடு ராத்திரியாக இருக்கிற பாகத்தை ஒட்டுப்போட்டுக் காலையில் ஓட்டுவார்கள். "ஜெயிச்சவன யாரு பாத்தா? நாங்க எல்லாம் பின்னாடி போயி, வண்டிய எப்படிப் பிரிக்கிறாங்கன்னு பாப்போம்" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த பையன்கள் முகத்தைப் பார்த்தேன். டீ ஆறிப்போனது யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கதையின் பெரிய ராத்திரி. வாங்க, கிட்டே வந்து நில்லுங்கள். ஹெட் ஏறிவிட்டது. போல்ட்டுகளை நடுவில் இருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுக்குச் சுற்று முடுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை பாய் இழுக்கிறார். சிவகாசிப் பையன் பிரியாணி அட்டையைப் பார்த்து நம்பர் சொல்கிறார். டைமிங் பெல்ட் மாட்டியாயிற்று. ரேடியேட்டர் சுத்தம் செய்தாயிற்று. தண்ணீர் பம்பு, ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் புதுசு. புது ஆயில் தேன் நிறத்தில் இறங்கியது. "இன்னிக்கு டீ கிடையாது" என்று ஒரு குரல். பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, பெட்ரோலை அடைத்து, வெறுமனே செல்ஃப் அடித்து எண்ணெயை மேலே ஏற்றுகிறார்கள். ஆயில் விளக்கு அணைந்தது. பிளக்கைத் திரும்ப மாட்டினார்கள்.

ஒருவன் வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியை டேஷ்போர்டில் தடவினான். பாய் கண்ணை மூடி பிஸ்மில்லா சொன்னார். தம்பி சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது. ஒரு இருமல், அப்புறம் ஒன்றும் இல்லை. பாய் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோனார், ஒரு ஒயரை அமுக்கினார், தலையை ஆட்டினார். மறுபடி சாவி. பிடித்துக்கொண்டது! நாலு சிலிண்டரும் சேர்ந்து ஒரே சீராக! ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது, யாரோ விசில் அடித்தார்கள், தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தார். ஆனால் பாய் கண் மீட்டர் முள்ளைவிட்டு நகரவில்லை. முள் ஏறுகிறது. பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியது. மொத்த ஷெட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டக் என்று ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது. முள் அசைந்து, இறங்கி, நடுவில் நின்றுவிட்டது. வெள்ளைப் புகை இல்லை. அப்போதுதான் பாய் லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம்பி முதலில் அம்மாவுக்குத்தான் அடித்தார். ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அம்மா கேட்டது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது: "சத்தம் நல்லா வருது. சீட்டு என்னாச்சு?"

சுவரில் நடிகர் அஜித்குமார் படம் ஒன்று ஒட்டியிருக்கிறதே, கவனித்தீர்களா? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த நாளில் ஒட்டியது. அதன் கீழே பையன்கள் ஒரு வரைபடத்தைப் பேனாவால் போட்டு வைத்திருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 1990-ல் சோழவரத்தில் இருந்து பந்தயம் இங்கே இடம் மாறி வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஃபார்முலா ஒன்னுக்குப் போகும் முன்னே வளைந்து பழகிய தடம். பையன்களில் பலர் தினமும் கம்பெனி பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஸ்டார்மை அங்கே ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும் என்பது இந்த ஷெட்டின் வேண்டுதல். போட்டி போட இல்லை, நிதானமாக, கூரையைத் திறந்துகொண்டு. பக்கத்து சீட்டில் முதலில் பாய்தான் உட்கார வேண்டும் என்பதில் மட்டும் தகராறே இல்லை.

அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் ஆர்.டி.ஓ. அலுவலக வேலை இருக்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் விதிகளைக் கொண்டுவந்தது, 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஸ்டார்முக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு அது வெறும் பழைய கார். 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 20 வயது தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. தம்பி அந்தப் பணத்தைத் தனிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். பிரேக் வேலை முடிந்ததும் வண்டியை ஆய்வுக்குக் காட்டப் போகிறார்கள்.

போகும் முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஷெட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொன்னது. உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது, கோயம்புத்தூரோ பெங்களூரோ சேலமோ, ஒரு ஸ்டார்ம் ஓடாமல் நின்றால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்ஜினுக்கு பிரான்ஸ் இருக்கிறது, உடம்புக்குக் கோவளம் இருக்கிறது. ஆனால் இந்த வண்டிக்கென்றே செய்த பாகங்களை இனி யாரும் செய்யப்போவதில்லை. இருக்கிறவைதான் இருக்கின்றன. விற்கிற எண்ணம் இருந்தால் பிரித்து விற்காமல் முழுசாக, ஆர்.சி. புக்கோடு, இதைத் திரும்ப ஓட்ட ஆசைப்படுகிற ஒருவர் கையில் கொடுங்கள்.